இரண்டு முறை எண்ணப்பட்டவர்கள்

ஓர் ஊரில் 60 சதவீதம் பேர் நாளிதழ் வாசிக்கிறார்கள். 45 சதவீதம் பேர் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிறார்கள். 20 சதவீதம் பேருக்கு இந்த இரண்டு பழக்கமும் இல்லை. அப்படியானால், நாளிதழும் வாசித்து, தொலைக்காட்சிச் செய்தியும் பார்ப்பவர்கள் எத்தனை சதவீதம்?

கேள்விக்குக் கீழே ஐந்து விடைகள்: 5, 15, 25, 27, 35.

கணக்கு தெரியாதவர் குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று வைக்கப்பட்ட எண்கள் அல்ல இவை. சரியானதைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தவறு காத்திருக்கிறது. 60-ஐயும் 45-ஐயும் கூட்டி, வந்த 105-இல் 100-ஐக் கழிப்பவருக்கு 5 கிடைக்கும். இரண்டு பழக்கமும் இல்லாத 20 சதவீதத்தை அவர் மறந்துவிட்டார். 60-இல் 45-ஐக் கழிப்பவருக்கு 15. 60 சதவீதத்தில் 45 சதவீதம் என்று பெருக்குபவருக்கு 27. நாளிதழ் மட்டும் வாசிப்பவர்களைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே விடை என்று நினைப்பவருக்கு 35.

சரியான வழி சுருக்கமானது. ஊரில் நூறு பேர் என்று வைத்துக்கொண்டு, இரண்டும் இல்லாத 20 பேரை ஒதுக்கினால் மீதி 80 பேர். ஆனால் கூட்டினால் 105 வருகிறது. இருப்பதோ 80 பேர்தான். கூடுதலாக வந்த அந்த 25 யார்? நாளிதழ்க் கணக்கில் ஒரு முறையும் தொலைக்காட்சிக் கணக்கில் மறு முறையும் எண்ணப்பட்டவர்கள். கேள்வி தேடுவது அவர்களைத்தான். விடை 25.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், கேட் தேர்வுகளிலும் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்விலும் தலைகாட்டும் கணக்கு வகை இது. பயிற்சி மையங்களில் ‘ஓவர்லாப்பிங் செட்ஸ்’ என்பார்கள். தமிழகப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதும் அல்ல. ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடமான ‘கண மொழி’ இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. இலங்கையில் சாதாரண தரக் கணிதம் படித்தவர்கள் ‘தொடைகள்’ என்ற பெயரில் இதைச் சந்தித்திருப்பார்கள். சேர்ப்பு, வெட்டு, நிரப்பி எல்லாம் பள்ளியிலேயே வந்துவிடுகின்றன. ஆனாலும் பல ஆண்டுகள் கழித்துத் தேர்வறையில் அதே கணக்கு சதவீத வேடத்தில் வரும்போது கை தடுமாறுகிறது. இங்கே கூட்டலும் கழித்தலும் ஐந்தாம் வகுப்பு அளவைத் தாண்டுவதில்லை. யாரில் எத்தனை சதவீதம் என்று நிதானமாக வாசிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஆலிஸை எழுதியவரின் புதிர்

இந்தக் கணக்கு இன்றைய நுழைவுத் தேர்வுகளோடு பிறந்ததும் அல்ல. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையை எழுதிய லூயிஸ் கரோலின் இயற்பெயர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்சன். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1880 முதல் 1885 வரை ‘த மன்த்லி பேக்கெட்’ என்ற ஆங்கில மாத இதழில் கணிதப் புதிர்களைக் கதைகளுக்குள் ஒளித்து எழுதினார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ‘முடிச்சு’ என்று பெயர். வாசகர்கள் விடை அனுப்ப வேண்டும். கரோல் அவற்றைத் திருத்தி, பரீட்சைபோலவே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பட்டியலும் போடுவார். பத்து முடிச்சுகளும் சேர்ந்து 1885-இல் ‘எ டேங்கிள்ட் டேல்’ என்ற புத்தகமாயின.

பத்தாவது முடிச்சில், லண்டன் செல்சியில் வாழும் ஓய்வுபெற்ற போர்வீரர்களைப் பற்றிய கேள்வி ஒன்று வருகிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணை இழந்தவர்கள், 75 சதவீதம் பேர் ஒரு காதை, 80 சதவீதம் பேர் ஒரு கையை, 85 சதவீதம் பேர் ஒரு காலை. நான்கையும் இழந்தவர்கள் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?

நான்கு கூட்டங்கள், நான்கு சதவீதங்கள். வட்டம் வரையப் போனால் தாள் போதாது. தம் வழியைவிடச் சிறந்தது என்று கரோல் ஏற்றுக்கொண்ட ஒரு வாசகரின் வழி, வீரர்களை விட்டுவிட்டுக் காயங்களை எண்ணியது. நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் மொத்தக் காயங்கள் 70, 75, 80, 85 சேர்ந்து 310. ஆளுக்கு மூன்று காயம் பங்கிட்டால் 300 தீர்ந்துவிடும். மிஞ்சிய பத்துக் காயங்களும் பத்துப் பேர்மீது நான்காவது காயமாக விழுந்தே தீரும். குறைந்தபட்ச விடை 10 சதவீதம்.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் போடலாம். கண் தப்பியவர்கள் 30 சதவீதம், காது தப்பியவர்கள் 25, கை தப்பியவர்கள் 20, கால் தப்பியவர்கள் 15. இவர்கள் அனைவரும் வெவ்வேறு ஆட்களாகவே இருந்தாலும் 90 பேர்தான். அந்தத் தொண்ணூறு பேரிலும் சேராத பத்துப் பேருக்கு எதுவுமே தப்பவில்லை.

இன்றைய தேர்வுகளில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லோடு வரும் கேள்விகளுக்கு இந்த இரண்டாவது வழியே மிக வேகமானது. 70 சதவீதம் பேர் கணிதத்தில் தேர்ச்சி, 60 சதவீதம் பேர் அறிவியலில் தேர்ச்சி என்றால், தவறியவர்கள் 30-ம் 40-ம். இரண்டையும் சேர்த்தால் 70. ஆகவே இரண்டிலும் தேறியவர்கள் குறைந்தது 30 சதவீதம். அதிகபட்சம் கேட்டால் இன்னும் சுலபம். சிறிய கூட்டம் முழுவதும் பெரிய கூட்டத்துக்குள் அடங்கிவிடலாம் என்பதால் 60. அதாவது விடை 30-க்கும் 60-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 70-ஐயும் 60-ஐயும் பெருக்கி 42 என்று எழுதுபவர், ஒரு பாடத்தில் தேறுவதற்கும் மற்றொன்றில் தேறுவதற்கும் தொடர்பே இல்லை என்று தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார். கேள்வி அப்படிச் சொல்லாதவரை அந்த முடிவுக்கு இடமில்லை.

வட்டமா, கட்டமா?

இத்தகைய கணக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள். வென்படம் என்று பள்ளியில் படித்தோம். இங்கிலாந்தின் ஹல் நகரில் 1834-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் தர்க்கம் கற்பித்த ஜான் வென் 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் படங்களை முறைப்படுத்தினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சுவிஸ் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர், ஜெர்மன் இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் தர்க்கத்தை விளக்க வட்டங்களைப் பயன்படுத்தியிருந்தார். அந்தக் கடிதங்கள் 1768 முதல் நூலாக வெளிவந்தன. வென் படித்த கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியின் உணவுக்கூடத்தில், மூன்று வண்ண வட்டங்கள் பின்னிய கண்ணாடிச் சன்னல் ஒன்று அவர் நினைவாக இருக்கிறது.

வென்படத்தில் கரோலுக்கு ஒரு குறை தென்பட்டது. இரண்டு வட்டங்களிலும் சேராதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வட்டங்களுக்கு வெளியே, எல்லையில்லாத வெட்டவெளியில். கரோல் அவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்க விரும்பினார். ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து, சிவப்பும் சாம்பலுமான வில்லைகளை அதில் வைத்து விளையாடும் ‘த கேம் ஆஃப் லாஜிக்’ என்ற புத்தகத்தை 1880-களில் வெளியிட்டார். அவர் சதுரத்தில் ‘இரண்டும் உண்டு’, ‘முதலாவது மட்டும்’, ‘இரண்டாவது மட்டும்’, ‘இரண்டும் இல்லை’ என்ற நான்கு பேருக்கும் சமமான அறைகள்.

ஜிமேட் மாணவர்கள் இன்று வரையும் கட்டத்துக்கும் கரோலின் சதுரத்துக்கும் அதிக வேறுபாடில்லை. நான்கு அறைகளுக்கு வலப்புறமும் கீழேயும் கூட்டுத்தொகைக்கு ஒரு வரிசை சேர்த்தால், குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது பெட்டிகள். ‘டபுள் மேட்ரிக்ஸ்’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பெட்டி தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும்.

சதவீதத்துக்குள் சதவீதம் வரும்போது இந்தக் கட்டத்தின் அருமை தெரியும். ஒரு நிறுவனத்தின் ஊழியர்களில் 40 சதவீதம் பெண்கள். பெண்களில் 45 சதவீதம் பேர் முதுகலைப் பட்டதாரிகள். முதுகலைப் பட்டதாரிகளில் 60 சதவீதம் பேர் பெண்கள். ஆண்களில் எத்தனை சதவீதம் பேர் முதுகலைப் பட்டதாரிகள்?

40, 45, 60 என்று மூன்று சதவீதங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு கூட்டத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. மொத்த ஊழியர்கள் 100 என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் 40, ஆண்கள் 60. பெண்களில் 45 சதவீதம் என்றால் 18 பேர் முதுகலைப் பட்டதாரிகள். அந்தப் பதினெட்டுப் பேரே மொத்த முதுகலைப் பட்டதாரிகளில் 60 சதவீதம் என்பதால், முதுகலைப் பட்டதாரிகள் 30 பேர். எனவே ஆண் முதுகலைப் பட்டதாரிகள் 12 பேர்.

இங்கேதான் பலர் 12 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள். 12 என்பது மொத்த ஊழியர்களில் ஆண் முதுகலைப் பட்டதாரிகளின் சதவீதம். கேட்டது ஆண்களில் எத்தனை சதவீதம் என்று. 60 ஆண்களில் 12 பேர், அதாவது 20 சதவீதம். முதுகலைப் பட்டதாரிகளில் ஆண்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டிருந்தால் 40. ஒரே பன்னிரண்டு பேர், கேள்விக்கேற்ப 12, 20, 40 என்று மூன்று விடைகளாக மாறுகிறார்கள். மூன்றும் விடைப் பட்டியலில் இருக்கும்.

நூறு என்று வைத்துக்கொள்வது வசதிக்காகத்தான். 12.5 சதவீதம் போன்ற எண் வந்தால் நூறில் பன்னிரண்டரை ஆள் என்று எழுத வேண்டியிருக்கும். அப்போது 200 அல்லது 800 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சுத்தமாக வரும். ஆனால் வெறும் சதவீதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை பேர் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. ஆட்களின் எண்ணிக்கை கேட்கப்பட்டால், ஏதேனும் ஒரு பெட்டியின் உண்மையான எண்ணிக்கை கேள்வியில் இருந்தாக வேண்டும்.

ஜிமேட்டின் ‘டேட்டா சஃபிஷியன்சி’ கேள்விகள் இந்த இடத்தில்தான் விளையாடுகின்றன. அங்கே விடை கேட்பதில்லை. கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். மொத்தத்தை 100 என்று வைத்துவிட்டால் நான்கு அறைகளையும் நிரப்ப, ஒன்றையொன்று சாராத மூன்று தகவல்கள் தேவை. இரண்டுதான் இருக்கின்றன என்றால் கட்டம் முழுதாக நிரம்பாது. ஆனால் கேட்ட அந்த ஒரு பெட்டி மட்டும் நிரம்பிவிட வாய்ப்பு உண்டு. உதாரணமாக, பெண்கள் 40 சதவீதம், பெண் முதுகலைப் பட்டதாரிகள் 18 சதவீதம் என்ற இரண்டே தகவலில், முதுகலை முடிக்காத பெண்கள் 22 சதவீதம் என்று சொல்லிவிடலாம். ஆண்களைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது வட்டம்

கூட்டங்கள் மூன்றானால் சூத்திரம் நீண்டுவிடுகிறது. மூன்றையும் கூட்டி, இரண்டிரண்டாக வெட்டும் பகுதிகளைக் கழித்து, மூன்றும் வெட்டும் பகுதியைத் திரும்பக் கூட்ட வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது சரியான சூத்திரமே. ஆனால் தேர்வில் தகவல்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தில் வருவதில்லை. ‘சரியாக இரண்டு’ என்றும் ‘குறைந்தது இரண்டு’ என்றும் வருகின்றன. அதற்கேற்ற எளிய வழியை இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே எடுக்கலாம்.

கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவரின் தாய்மொழியையும், அதைத் தவிர அவருக்குத் தெரிந்த இரண்டு மொழிகள் வரைக்கும் குறித்துக்கொள்கிறார். 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 26 சதவீதம் பேர் இரண்டாவது ஒரு மொழியைச் சொன்னார்கள். ஏறக்குறைய 7 சதவீதம் பேர் மூன்றாவதையும் சொன்னார்கள். இப்போது தமிழ் தெரிந்தவர்கள் இத்தனை சதவீதம், இந்தி தெரிந்தவர்கள் இத்தனை, ஆங்கிலம் தெரிந்தவர்கள் இத்தனை என்று எல்லா மொழிகளின் சதவீதத்தையும் கூட்டினால் 100 வருமா? வராது. ஏறக்குறைய 133 வரும். எல்லோருக்கும் குறைந்தது ஒரு மொழி தெரியும், அது 100. குறைந்தது இரண்டு தெரிந்தவர்கள் 26. மூன்று தெரிந்தவர்கள் 7. கூட்டினால் 133.

மூன்று கூட்டக் கணக்குகளுக்கு மொத்தச் சூத்திரமும் இதுதான்: தனித்தனிச் சதவீதங்களின் கூடுதல் = குறைந்தது ஒன்றில் இருப்பவர்கள் + குறைந்தது இரண்டில் இருப்பவர்கள் + மூன்றிலும் இருப்பவர்கள். ‘சரியாக’ என்ற மொழியில் சொன்னால், மேற்படி கணக்கில் ஒரே மொழி தெரிந்தவர்கள் 74, சரியாக இரண்டு தெரிந்தவர்கள் 19, மூன்று தெரிந்தவர்கள் 7. ஒருமொழிக்காரர் ஒரு முறையும், இருமொழிக்காரர் இரண்டு முறையும், மும்மொழிக்காரர் மூன்று முறையும் எண்ணப்படுகிறார்கள். 74, 38, 21 சேர்ந்து அதே 133.

‘குறைந்தது’, ‘சரியாக’ என்ற இந்த இரண்டு சொற்களையும் குழப்பிக்கொண்டால் விடை எவ்வளவு தவறும் என்று பார்க்கலாம். ஒரு கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் மூன்று மன்றங்களில் ஒன்றிலாவது சேர்ந்திருக்க வேண்டும். மன்றங்களில் இருப்பவர்கள் முறையே 50, 45, 40 சதவீதம். குறைந்தது இரண்டு மன்றங்களில் இருப்பவர்கள் 28 சதவீதம். மூன்றிலும் இருப்பவர்கள்? கூடுதல் 135. அதில் 100-ஐயும் 28-ஐயும் கழித்தால் 7 சதவீதம். அதே 28-ஐ ‘சரியாக இரண்டு’ என்று வாசித்தவர், 135-இல் 100-ஐயும் 28-ஐயும் கழித்து, மீதியை இரண்டால் வகுத்து 3.5 என்று எழுதுவார். அவர் கணக்குப் போட்டதில் பிழை இல்லை, வாசித்ததில்தான் பிழை.

விடையைச் சோதிக்க

கிடைத்த விடை நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. இரண்டிலும் இருப்பவர்கள், இரண்டில் எந்த ஒன்றில் இருப்பவர்களையும்விட அதிகமாக இருக்க முடியாது. கேட்டால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். மனம் அப்படி வேலை செய்வதில்லை என்று உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1983-இல் காட்டினார்கள். சமூக நீதியில் அக்கறை கொண்ட, துடிப்பான லிண்டா என்ற கற்பனைப் பெண்ணை விவரித்துவிட்டு, அவர் வங்கிக் காசாளராக இருக்க வாய்ப்பு அதிகமா, பெண்ணிய இயக்கத்தில் ஈடுபடும் வங்கிக் காசாளராக இருக்க வாய்ப்பு அதிகமா என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணியம் பேசும் காசாளர்கள் எல்லோரும் காசாளர்களே என்பது அந்த நேரத்தில் அவர்கள் கண்ணில் படவில்லை.

ஜிமேட்டின் கணிதப் பிரிவில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். கால்குலேட்டர் கிடையாது. கட்டம் போட அரை நிமிடம் செலவாகிறதே என்று பதறுபவர்கள் உண்டு. ஆனால் கட்டம் வரைந்துவிட்டால், கேட்கப்பட்ட பெட்டியில் முதலிலேயே ஒரு கேள்விக்குறி போட்டு, யாரில் சதவீதம் கேட்கிறார்கள் என்றும் பக்கத்தில் குறித்துவைக்கலாம். மேலே 12-க்கும் 20-க்கும் இடையில் பார்த்த பள்ளத்தில் விழாமல் இருக்க அது ஒன்றே போதும்.

வாசகர்கள் போட்டுப்பார்க்க

ஒன்று: ஒரு விடுதியில் 80 சதவீதம் பேர் காபி குடிப்பவர்கள், 70 சதவீதம் பேர் டீ குடிப்பவர்கள். இரண்டும் குடிப்பவர்கள் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம்? அதிகபட்சம் எத்தனை?

இரண்டு: இன்னொரு விடுதியில் 40 சதவீதம் பேர் வெளிமாவட்டத்தினர், மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். வெளிமாவட்டத்தினரில் 25 சதவீதம் பேர் சைவம். சைவர்களில் சரிபாதிப் பேர் வெளிமாவட்டத்தினர். அசைவம் சாப்பிடும் உள்ளூர்க்காரர்கள் 150 பேர். விடுதியில் மொத்தம் எத்தனை பேர்?

மூன்று: ஒரு தெருவில் மூன்று வார இதழ்களை முறையே 60, 50, 35 சதவீத வீடுகள் வாங்குகின்றன. 10 சதவீத வீடுகள் எதையும் வாங்குவதில்லை. 15 சதவீத வீடுகள் மூன்றையும் வாங்குகின்றன. சரியாக இரண்டு இதழ்கள் வாங்கும் வீடுகள் எத்தனை சதவீதம்?

விடைகள்: முதல் கணக்கில் குறைந்தபட்சம் 50, அதிகபட்சம் 70. இரண்டாவதில் மொத்தம் 100 என்று வைத்தால் வெளிமாவட்டச் சைவர்கள் 10, எல்லாச் சைவர்களும் 20, உள்ளூர்ச் சைவர்கள் 10, உள்ளூர் அசைவர்கள் 50. அந்த 50 சதவீதமே 150 பேர் என்பதால் விடுதியில் 300 பேர். மூன்றாவதில் கூடுதல் 145. ஏதேனும் ஓர் இதழாவது வாங்குபவை 90. வித்தியாசம் 55-இல், மூன்றும் வாங்கும் வீடுகள் இரண்டு முறை கூடுதலாக எண்ணப்பட்டதற்கு 30 போக, மீதி 25 சதவீதம்.